சாரம் பிரித்த பிறகு

மார்ச் 9, ஞாயிறு

இது ஏஜென்சி கொடுத்த டைரி. புத்தாண்டுக்கு எல்லா சப் காண்ட்ராக்டருக்கும் ஒரு டைரி, ஒரு காலண்டர், ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தார்கள். மைசூர்பாகு அன்றைக்கே தீர்ந்தது. காலண்டர் சுவரில் தொங்குகிறது. டைரி மட்டும் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. ஷட்டவுன் முடிந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்தி மராமத்து பார்க்கிற அந்த இருபத்தைந்து நாள்தான் எங்களுக்குச் சோறு. பாய்லர் சுவரிலும் நீராவிக் குழாய்களிலும் இருக்கிற பழைய பஞ்சை உரித்துவிட்டு, புதுக் கண்ணாடிப் பஞ்சு வைத்து, மேலே அலுமினியத் தகடு போர்த்துவது என் வேலை. ஆலை ஏஜென்சிக்குக் காசு கொடுக்கும். ஏஜென்சி எனக்குக் கொடுக்கும். நான் என்னிடம் வேலை பார்க்கிற இசக்கிக்கும் மற்ற ஐந்து பேருக்கும் கொடுப்பேன். எத்தனை சதுர மீட்டர் போர்த்தினோமோ அத்தனைக்குக் காசு.

தகடு போர்த்தியதும் ஆலை இன்ஜினியர், ஏஜென்சி ஆள், நான் மூன்று பேரும் சாரத்தில் ஏறி, டேப் வைத்து அளந்து, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் சாரம் பிரிப்பார்கள். சாரம் போய்விட்டால் அறுபதடி உயரத்தில் காக்காய்தான் அளக்க வேண்டும். பாய்லர் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் போகவே பெர்மிட் கிடையாது.

மேல்தட்டு வேலை நேற்று ராத்திரிதான் முடிந்தது. இன்று விடிந்ததும் அளப்பதாகப் பேச்சு. போய்ப் பார்த்தால் பாதிச் சாரம் இறங்கிவிட்டது, கீழே பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் தயார். எட்டு மணி வரைக்கும்தான் நல்ல நேரமாம், அதற்குள் பாய்லருக்குத் தீ வைத்தாக வேண்டுமாம். நான் டேப்பை எடுத்துக்கொண்டு கோமதிநாயகம் சாரிடம் போனேன். அவர்தான் ஆலை இன்ஜினியர். பாதி வழியில் கிங்ஸ்லி வந்து தோளைப் பிடித்தான். ஏஜென்சிக்கு இங்கே எல்லாமே அவன்தான்.

"அண்ணாச்சி, பூஜை நேரத்துலயா கணக்கு பேசப் போறீங்க? பெரிய சார் நிக்காரு. ட்ராயிங் இருக்குல்லா, பேப்பர்லயே அளவு போட்டுக்கிடுவோம். நான் இருக்கேன், பொறவு என்ன?"

தீ வைக்கிற நேரத்தில் டேப் நீட்டினால் ஆகாது என்று ஷட்டவுன்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. நாளைக்கே பாய்லரில் ஏதாவது ஆனால், லிங்கதுரை டேப்பை நீட்டினான் அதனால்தான் என்பார்கள். டேப்பைப் பைக்குள் போட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்" என்றான் இசக்கி.

"சும்மா கெடலே" என்றேன்.

கேசரி நன்றாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

நாள் முழுக்கத் தூங்கினேன். உடம்பெல்லாம் பஞ்சு அரிப்பு.

மார்ச் 14, வெள்ளி

பில் கொடுத்தேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம். ஏஜென்சி ஆபீஸ் டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. படியேறினால் ரப்பர் வாசம். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஷைனி என்கிற பிள்ளை வாங்கி சீல் வைத்தாள். முப்பது நாளில் வந்துவிடும் என்றான் கிங்ஸ்லி.

வீட்டில் ஜெயக்கொடியிடம் சொன்னேன். "அப்ப அக்கா மவ கல்யாணத்துக்கு முன்னாடி கொடி வந்துரும்" என்றாள். அவள் தாலிக்கொடியைக் கூட்டுறவு பேங்கில் வைத்துத்தான் தகடும் திருகாணியும் வாங்கினேன். பஞ்சு மட்டும்தான் ஆலை தந்தது, மற்றது எல்லாம் என் கைக்காசு. இப்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடக்கிறது. வெளியே போனால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள். கல்யாணம் வைகாசியில், ஆறுமுகநேரியில். இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

இசக்கி வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றாலும் வரவில்லை.

"சாப்பாட்டுக் காசு குடுத்தது போவ மிச்சச் சம்பளம், பயலுக கேக்கானுவ அண்ணாச்சி. எனக்குன்னா பரவால்ல."

"ஏஜென்சி இன்னும் தரலடே. நான் என்ன அச்சடிச்சா தர முடியும்?"

"அது தெரியும் அண்ணாச்சி. எப்பன்னு ஒரு நாள் சொன்னியோன்னா நான் அவனுவகிட்ட சொல்லிக்கிடுவேன்."

பதினஞ்சாம் தேதி என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். பதினெட்டு வருஷமாக என்னோடு இருக்கிறவன். தகடு மடிக்கிறதில் அவன் கைக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் காசு விஷயத்தில் அவனுக்கும் பொறுமை போய்விட்டது, என்ன செய்ய.

ஏப்ரல் 15, செவ்வாய்

முப்பது நாள் முடிந்தது. கிங்ஸ்லிக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, உங்க பில்லுல இருக்கிற அளவுக்கும் ட்ராயிங் அளவுக்கும் ஒத்து வரலயே. மூணுல ஒரு பங்கு கூடுதலா இருக்கு."

கூடத்தானே செய்யும். ட்ராயிங்கில் குழாய் நேராகப் போகிறது. நேரில் அது வளைந்து, நெளிந்து, நாலு வால்வு தாண்டிப் போகிறது. போதாததற்குக் கிழக்குச் சுவரில் பழைய பஞ்சு மொத்தமும் மக்கிப் போய்க் கிடந்தது. அதையும் பார்த்துவிடுங்கள் என்று இவன்தான் சொன்னான். அதைச் சொன்னேன்.

"நான் இல்லைங்கலியே. அளந்து கையெழுத்து வாங்கிருந்தா இந்தப் பேச்சே வராது. இன்ஜினியரு என்கிட்டல்லா கேக்காரு."

பூஜை அன்றைக்கு நீ என்னடா சொன்னாய் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. காசு வர வேண்டிய இடத்தில் வாயைக் காட்டக்கூடாது.

ஏப்ரல் 16, புதன்

இசக்கி போன். எடுக்கவில்லை. என்ன சொல்ல?

ஏப்ரல் 28, திங்கள்

தினம் போன் போட்டதில் கிங்ஸ்லி அறுபதாயிரம் அனுப்பினான். "இப்பதைக்கு வச்சுக்கிடுங்க, பைனல்ல கழிச்சுக்கிடுவோம்" என்றான், என்னவோ அவன் வீட்டுக் காசை எடுத்துத் தருகிற மாதிரி.

நகைக் கடனுக்கு மூன்று மாத வட்டி கட்டினேன். தகடு வாங்கின கடைக்காரன் மிச்சப் பாக்கிக்கு வீட்டுக்கே வந்து கத்திவிட்டுப் போயிருந்தான், அவனுக்கு முப்பது. மளிகைக் கடை, கரண்ட் பில், வண்டி டயர். முடிந்தது. டயர் வழுக்கையாகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

பயல்களுக்கு ஆளுக்கு ஆயிரம் கொடுக்கலாமா என்று நினைத்தேன். கொடுத்தால் காசு வந்துவிட்டது என்று தெரிந்துபோகும். மொத்தமாக வந்ததும் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். அதுதான் மரியாதை.

மே 2, வெள்ளி

ஜெயக்கொடி கேட்டாள், "அறுவது வந்துச்சே, இசக்கி அண்ணனுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?" இவளுக்கு எல்லாவற்றிலும் தலையிட வேண்டும். என் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டேன். அவள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

மே 6, செவ்வாய்

தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். கூட்டம். மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். அங்கிருந்த சார் நல்ல மாதிரி. உட்கார வைத்து எல்லாம் கேட்டார்.

"நீங்க ஏஜென்சியில சம்பளத்துக்கு இருக்கீங்களா?"

"இல்ல சார், சப் காண்ட்ராக்ட்."

"அப்ப நீங்க தொழிலாளி இல்ல. தனியா தொழில் செய்றவர். இது ரெண்டு வியாபாரிக்கு நடுவுல உள்ள கொடுக்கல் வாங்கல். இங்க வராது. வக்கீல் வச்சு நோட்டீஸ் விடுங்க, சிவில் கோர்ட்டுக்குப் போங்க."

நான் எழுந்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "உங்ககிட்ட எத்தனை பேரு வேலை பாத்தாங்க?"

"ஆறு பேரு."

"அவங்களுக்குச் சம்பளம் கொடுத்துட்டீங்கள்ல? ஏன் கேக்கேன்னா, அவங்க வந்து மனு கொடுத்தா நாங்க எடுத்துக்குவோம். உங்க மேலதான் கொடுப்பாங்க."

கொடுத்தாச்சு சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் தொழிலாளி இல்லையாம். கண்ணாடிப் பஞ்சு அள்ளி அள்ளி இந்தக் கை ரெண்டும் மரத்துக் கிடக்கிறது, நான் வியாபாரியாம்.

மே 7, புதன்

வக்கீலைப் பார்த்தேன். நோட்டீசுக்கு மூவாயிரம் கேட்டார். சிறுதொழில் பதிவு இருக்கிறதா, வேலைக்கு முன்னாலேயே பதிந்திருந்தால் வேறு வழி இருந்தது என்றார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்ட அளவுத்தாள் இருக்கிறதா என்றார். அதுவும் இல்லை என்றேன். "பின்ன எதை வச்சு நோட்டீஸ் விட?" என்றார். நியாயமான கேள்விதான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

கோமதிநாயகம் சாரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நேரடியாக அவரிடம் பேசக்கூடாது, அது ஏஜென்சிக்குத் தெரிந்தால் அடுத்த வருஷம் கேட்டுக்குள் விடமாட்டார்கள். இருந்தாலும் பேசினேன்.

"லிங்கதுரையா? சொல்லும்யா. பில்லா? நாங்க ஏஜென்சிக்கு ஏப்ரல் முதல் வாரத்துலயே மொத்தமும் கொடுத்தாச்சே. எங்களுக்கு அவங்களோட மொத்தக் காண்ட்ராக்ட். உங்க அளவு எங்களுக்கு எதுக்கு?"

நான் எத்தனை தடவை அந்த ஏஜென்சிப் படி ஏறியிருப்பேன். கிழக்குச் சுவரைப் பற்றிக் கேட்டேன். "கிழக்குச் சுவரும் நீங்கதான் செஞ்சியளா? அது நான் கண்ணால பாத்தேன், நெறைய வேலை. ஆனா பேப்பர்ல இல்லையே. நேர்ல அளந்தா கூடுதல் வேலைன்னு நான் கையெழுத்துப் போடுவேன், அதுல ஒண்ணும் இல்ல. இப்ப எப்படி அளக்க? பாய்லர் ஓடுதுல்லா. அடுத்த ஷட்டவுனுக்குத்தான் இனி."

ஏப்ரலிலேயே வாங்கிவிட்டுக் கிங்ஸ்லி கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான். வேலை பார்த்தவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் போன் அடித்தால் இன்று நாளை என்று சொல்லிக்கொண்டு, எப்படித்தான் சோறு இறங்குகிறதோ இவனுக்கெல்லாம். மனுஷனா இவன்?

மதியம் இசக்கி போன். எடுக்கவில்லை.

மே 14, புதன்

ஏஜென்சிக்குப் போய்க் கத்தினேன். ஷைனி பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள். கிங்ஸ்லி கதவைச் சாத்தினான், தண்ணீர் கொடுத்தான்.

"உங்களுக்கு யாரு சொன்னா? கோமதிநாயகம் சாரா? சரி, வந்துச்சு. ஒரு அறுவது குடுத்தோமா இல்லியா? மிச்சத்த ட்ராயிங் அளவுக்குத் தாரேன், இந்தா இப்பவே. மொத்தமும் வாங்கியாச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிட்டுப் போங்க. கூடுதல் அளவு வேணும்னா சாரம் போட்டு அளந்து இன்ஜினியர் கையெழுத்தோட வாங்க. நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

ட்ராயிங் அளவென்றால் லட்சத்து இருபதாயிரம் போய்விடும். அதில் பெரும்பங்கு கிழக்குச் சுவர். நாங்கள் வெயிலில் சாரத்தில் தொங்கி வெந்த சுவர். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியைக் கிளப்ப முடியவில்லை. டயர் கடைக்காரப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மே 22, வியாழன்

இசக்கி இப்போது வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறான். எழுத வராது அவனுக்கு. நான் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பக்கம் நீலக் கோடு விழும். பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லை என்று ஆகிவிடும்.

ஜூன் 5, வியாழன்

ஆறுமுகநேரிக் கல்யாணம். ஜெயக்கொடி நேற்று ராத்திரி சேலையை இஸ்திரி போட்டு வைத்தாள். காலையில் குளித்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதை அவிழ்த்துவிட்டு வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வயித்து வலின்னு சொல்லிருங்க."

"ஒங்கக்கா மவ கல்யாணம்டி."

"அதான் சொல்லுதேன். எங்கக்கா முன்னாடி இந்தக் கயித்தப் போட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

தனியாகப் போய், மொய் எழுதி, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அக்காக்காரி கேட்டாள், எங்கே அவள் என்று. வயிற்று வலி என்றேன். நம்பவில்லை. நம்பாததும் நல்லதுதான், பொய்யை இன்னும் பெரிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் அக்கா கொடுத்துவிட்ட லட்டை ஜெயக்கொடி தொடவில்லை.

ஜூன் 12, வியாழன்

பேங்கில் இருந்து கடுதாசி. நகைக் கடனுக்குத் தவணை முடிகிறதாம், மாத முடிவுக்குள் திருப்பவோ புதுப்பிக்கவோ செய்யாவிட்டால் ஏலம். ஒளித்து வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று ஒரு முடிவோடு ஏஜென்சிக்குப் போனேன். பாதிக்குப் பாதியாவது பேசி முடித்துவிட வேண்டும். கிழக்குச் சுவரில் பாதியை நான் விடுகிறேன், பாதியை அவன் தரட்டும். கிங்ஸ்லி இல்லை.

"சார் சைட்டுக்குப் போயிருக்காங்க அண்ணாச்சி" என்றாள் ஷைனி.

"எந்த சைட்டு?"

"தெரியலியே. காலைல அவசரமா போனாங்க."

வரும் வரை இருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவன். காற்றாடி ஓடுகிறது, கீழே டயர்க் கடையில் சுத்தியல் சத்தம். ஷைனி அவள் டப்பாவில் இருந்து எனக்கும் கொஞ்சம் புளியோதரை கொடுத்தாள்.

இசக்கி விடாமல் அடிக்கிறான். காலையில் இருந்து ஏழெட்டுத் தடவை. பேசி வேறு அனுப்பியிருக்கிறான், ஒன்றல்ல, மூன்று. சம்பளத்துக்கு இப்படியா ஒரு அடம்? நான் யாருக்காக இங்கே வந்து தவம் கிடக்கிறேன்? இவனுக்கும் சேர்த்துத்தானே. போனைக் குப்புறப் போட்டேன். பிறகும் அது மேசையில் கிடந்து உறுமவே, அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

ஐந்தரைக்கு ஷைனி ஆபீசைப் பூட்ட வேண்டும் என்றாள். கிங்ஸ்லி வரவே இல்லை.

ஜூன் 18, புதன்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜெயக்கொடி காபியை வைத்துவிட்டுச் சொன்னாள். "நேத்து சாயங்காலம் பேச்சியம்மா போன் பண்ணுனா. ஆலை நின்னு போச்சாமே. இசக்கி அண்ணன் உங்களத் தேடுதாராம். உங்க போன் அணைஞ்சு கெடக்காம்." பேச்சியம்மாள் இசக்கியின் பெண்டாட்டி. இதை ராத்திரியே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். ராத்திரி நான் வந்ததும் யாரும் என்னிடம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் படுத்தேனாம்.

இசக்கி பேசி அனுப்பிய மூன்றையும் கேட்டேன். முதலாவது காலை எட்டரைக்கு அனுப்பியது.

"அண்ணாச்சி, நான் சம்பளத்துக்குப் போன் போடல. பாய்லர்ல தண்ணி டியூப் ஓட்டையாயி ராத்திரி நிப்பாட்டிட்டாவ. கிழக்குச் சுவருலதான். கிங்ஸ்லி என்னயும் பயலுகளயும் தினக்கூலிக்குக் கூப்பிட்டான், வந்துருக்கோம். சாரம் போடுதாவ. நம்ம தகடெல்லாம் அப்படியே இருக்கு. நீங்க டேப்ப எடுத்துட்டு உடனே வாங்க."

இரண்டாவது பதினொரு மணிக்கு. "அண்ணாச்சி, கோமதிநாயகம் சாருகிட்ட பேசிட்டேன். அவரு, லிங்கதுரை வந்தா அளந்து கையெழுத்துப் போடுதேன், மூணு மணிக்குள்ள வரச் சொல்லுங்காரு. அதுக்கு மேல தாங்காது, உரிச்சுத்தான் ஆவணும்ங்காரு. கேட்டுல பேரு சொல்லி வச்சிருக்கு. நாங்க ஓரத்துல இருந்து மெதுவா உரிச்சிக்கிட்டு இருக்கோம். வாங்க அண்ணாச்சி."

மூன்றாவதில் அவன் பேசவே இல்லை. இரும்பு விழுகிற சத்தம் கேட்டது, யாரோ அவனை அதட்டினார்கள். "சரி அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கேட்டில் என் பெயர் இருந்தது, நேற்றுத் தேதி போட்டு. உள்ளே விடவில்லை. டீ குடிக்க வந்த இசக்கி என்னைப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் பஞ்சுத் தூசி.

"உரிச்சாச்சா?"

"உரிச்சாச்சு அண்ணாச்சி. அஞ்சு மணி வரைக்கும் இழுத்துப் பாத்தேன். கிங்ஸ்லி வந்து கத்துனான். தகடெல்லாம் குப்பைக்குப் போயிட்டு."

"நீயே அளந்திருக்கலாமேலே."

"அளந்தேன். நான் அளந்தா செல்லாதாம். நான் தினக்கூலி. நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம்." முகத் தூசியைத் தோளில் துடைத்துக்கொண்டான். "எங்கன இருந்தியோ அண்ணாச்சி?"

கிங்ஸ்லியைப் பார்க்க ஏஜென்சியில் உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

"போனு?"

சார்ஜ் இல்லை என்றேன். டீ ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பிப் போனான்.

ஜூன் 19, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மொத்தமும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஒன்றும் இல்லை என்று. ட்ராயிங் அளவுக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அதில் முன்னால் தந்த அறுபது போக, வரி போக, இன்னொன்றும் போக.

"உங்க ஆளுக சம்பளம் லட்சத்துப் பத்தாயிரம், அத நாங்க நேரா குடுத்துட்டோம் அண்ணாச்சி" என்றான் கிங்ஸ்லி. "டியூப் வேலைக்குக் கூப்புட்டப்ப, பழைய சம்பளம் வராம கை வைக்க மாட்டோம்னு இசக்கி நின்னுட்டான். ஒரு நாள் ஆலை நின்னா எவ்வளவு நட்டம் தெரியும்லா? குடுத்துத் தொலைச்சேன். நீங்க குடுக்க வேண்டியதுதான, உங்க கணக்குல கழிச்சிருக்கு."

இசக்கி ஒரே பேச்சில் வாங்கிவிட்டான். நான் மூன்று மாதம் படியேறினேன்.

அவர்கள் காசு அவர்களுக்குப் போய்விட்டது, அது நல்லதுதான். நானும் கொடுக்கத்தான் போகிறேன் என்று இருந்தேன். முந்திக்கொண்டார்கள்.

ஜூன் 26, வியாழன்

கொடியைத் திருப்ப முடியவில்லை. வட்டியைக் கட்டிப் புதுப்பித்தேன். மீதி தகடு கடைக்காரனுக்கு. ஜெயக்கொடி ரசீதைப் பார்த்தாள். கயிறு பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 5, சனி

இசக்கி வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான். ஜெயக்கொடி கோயிலுக்குப் போயிருந்தாள்.

டியூப் வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடித்துக் கொடுத்ததால் வேறொரு ஆலையில் சின்ன வேலை ஒன்று அவனுக்கே வந்திருக்கிறதாம். ஏஜென்சி இல்லை, நேராக. நாலைந்து நாள் வேலை.

"வளைவுக்குத் தகடுல கோடு போட எனக்குச் சரியா வரல அண்ணாச்சி. உங்க கை வேணும். கூப்பிடவும் சங்கடமா இருக்கு, கூப்பிடாம இருக்கவும் சங்கடமா இருக்கு."

பிறகு அவனே கூலியையும் சொன்னான். "நாளுக்குத் தொள்ளாயிரம். பயலுகளுக்கும் அதான், எனக்கும் அதான். அன்னைக்குச் சம்பளம் அன்னைக்கே. அளவு, பில்லு, ஏஜென்சின்னு எந்தச் சாக்கும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வேலை முடிஞ்சதும் கைல குடுத்துருவேன். எங்கிட்ட காசு இருந்தாலும் இல்லாட்டாலும்."

அதை எதற்கு அவ்வளவு அழுத்திச் சொன்னான் என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "போன எடுப்பியளா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

ஏழு மணிக்குப் போய்விட்டேன். பயல்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இசக்கியிடம் போகிறார்கள். ஆறு வளைவுக்குக் கோடு போட்டேன். வெட்டிப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக உட்கார்ந்தது. அந்த ஒரு நேரம் நன்றாக இருந்தது.

சாயங்காலம் நாங்கள் கை கழுவுவதற்கு முன்னாலேயே இசக்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்தான். கடைசியாக என்னிடம் வந்தான். மற்ற ஐந்து பேரும் பையை எடுக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றான்.

வாங்கினேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

வீட்டில் ஜெயக்கொடியிடம் கொடுத்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"யாரு, ஏஜென்சிக்காரனா குடுத்தான்?"

"ஆமா."

"அன்னைக்கே குடுத்துட்டானே, பரவால்ல" என்றாள். நோட்டுகளை மடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள் திரும்பி நின்றாள். "இசக்கி அண்ணனுக்கும் குடுத்தானா?"

குடுத்தான் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.